புளியாரை பிடுங்கப் பிடுங்க முளைப்பது ஏன்?

பூந்தொட்டியில் களையெடுத்த சில நாளிலேயே புளியாரை மறுபடி தலைகாட்டுகிறதே, எப்படி? காரணம் அதன் காய்தான். குட்டி வெண்டைக்காய்போல் நிமிர்ந்து நிற்கும் முற்றிய காயை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். விதைகள் படபடவென்று தெறிக்கும். ஒவ்வொரு விதையையும் மெல்லிய உறை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. அது சட்டென்று உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு விதையை உந்தித் தள்ளுகிறது. பக்கத்துத் தொட்டிக்கும் போய் விழும். போதாததற்கு, படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். அதனால் மேலாகக் கிள்ளுவதில் பயனே இல்லை.

மஞ்சள் பூ தெரிந்ததுமே, தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி, வேரோடு எடுங்கள். காய்த்த செடியை உரக்குழியில் போடாதீர்கள். வெற்று மண்ணைச் சருகால் மூடினால் முளைப்பு குறையும்.

ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுவையுங்கள். சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் இந்த இலையைத் தின்றுதான் வளர்கின்றன.