முறுக்கு அச்சும் ரைஃபிள் குழலும்

முள்ளு முறுக்கு பிழிகிறவர்களுக்கு ரைஃபிளைப் பாதி விளக்கியாயிற்று. நட்சத்திரத் துளை வழியே மாவை அழுத்தினால், பல்லுக்கொரு பள்ளமாக மாவில் நெடுகக் கோடு விழும். ரைஃபிள் குழலின் உட்சுவரிலும் அப்படிப் பற்கள் உண்டு. அமெரிக்க எம்16இல் ஆறு. எதிரெதிர்ப் பற்களுக்கு இடையே 5.56 மி.மீ. இடைவெளி, குண்டின் விட்டமோ ஏறக்குறைய 5.7. வேண்டுமென்றேதான். வெடிமருந்து வாயு பின்னாலிருந்து நெட்டித் தள்ள, குண்டின் செம்புக் கவசத்தில் பற்கள் அழுந்திப் பதியும். வாயு முன்னால் கசியவும் வழி அடைபடும்.

முறுக்கு அச்சில் பல் அந்தத் துளை வில்லையோடு முடிகிறது. குழலிலோ வாய்வரை நீள்கிறது, அதுவும் முறுக்கிக்கொண்டே. பல்லில் மாட்டிய குண்டு சுழலாமல் வெளியேற முடியாது. 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், வினாடிக்கு 940 மீட்டரில் பாயும் குண்டு வினாடிக்கு 5,000 தடவைக்கு மேல் சுழலும்.

இவ்வளவு சுழற்சி எதற்கு? கூர்மூக்குக் குண்டின் கனம் பின்பக்கம்; காற்று நெருக்குவது முன்பக்கம். சும்மா விட்டால் குட்டிக்கரணம் போட்டுவிடும். அதற்காக அளவின்றி முறுக்கவும் கூடாது: குண்டின் எடையில் இருக்கும் சிறு கோணலையும் அதிவேகச் சுழற்சி பெரிதாக்கிக் குறியைக் கெடுக்கும்.

எடை கூடினால் முறுக்கும் கூட வேண்டும் என்பார்கள். உண்மையில் பேசுவது நீளம். வுலிச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃப்ரெட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த சூத்திரத்தில் எடையே வராது: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கான தூரம் கிடைக்கும்.

எம்16இன் முன்னோடியான ஏஆர்-15இல் முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தள்ளாடவே, 1963இல் அதை 12 ஆக இறுக்கினார்கள். 1980களில் உள்ளே எஃகு முனை வைத்த புதிய குண்டு வந்தது. ஈயத்தைவிட எஃகு லேசு. அதனால் 19 மி.மீ. குண்டு 23 ஆக நீண்டது. பழைய குழலில் அதைச் சுட்டால் குறி அட்டையில் வட்டத் துளைக்குப் பதில், பக்கவாட்டில் புகுந்த நீளக் கிழிசல்தான் பெரும்பாலும் கிடைக்கும். 9 அங்குல முறுக்கே அதற்குப் போதும். ஆனால் கூடவே வந்த, பாதை காட்டி எரியும் ஒளிக்குண்டின் நீளம் சுமார் 29 மி.மீ. எப்போதாவது சுடும் அந்த ஒன்றுக்காக எம்16ஏ2 குழல்கள் அத்தனையும் 7 அங்குலத்துக்கு முறுக்கப்பட்டன.