புகை கக்கிய புரவிகள்

அஞ்சல் தலை சேர்ப்போரும் பழங்காசு சேர்ப்போரும் நம் கல்லூரியில் பலர் உளர். பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களைத் தேடி அலைவோரும் உண்டு என்றால் நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். இயற்பியல் பயிலும் நான் மூன்று ஆண்டுகளாக இம்முயற்சியில் ஈடுபட்டு வருகிறேன். இது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'டூ ஸ்ட்ரோக்' என வழங்கும் இருவீச்சு எஞ்சினில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரிந்து விசை தருகிறது. நான்கு வீச்சு எஞ்சினிலோ இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். இருவீச்சில் வால்வுகள் தேவையில்லை. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடிவிடும். எனவே உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பாய்ச்சல் அதிகம். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால்தான் அந்த நீலப் புகை!

இதில் ஒரு குறையும் உண்டு. புதிய கலவை உள்ளே வரும்போது புகைத்துளையும் திறந்திருப்பதால், கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன் 1950களில் இதற்கு வழி கண்டார். நடுவில் பருத்து முனையில் குறுகும் புகைக்குழாயை அமைத்தால், வெளியேறும் அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பி வந்து கலவையை உள்ளே தள்ளிவிடும். வகுப்பறையில் நாம் படிக்கும் அலை இயக்கமே இது! அந்நிறுவனத்தின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் 50 சி.சி. உலகப் பட்டத்தை அவர் வென்றார். 1975 முதல் 2001 வரை 500 சி.சி. உலகப் பட்டம் அனைத்தும் இருவீச்சு வண்டிகளுக்கே கிடைத்தன.

நம் மதுரைக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமமே பிற்காலத்தில் அதே சுசுகியுடன் கைகோத்து, 1984இல் ஓசூரிலிருந்து 100 சி.சி. இந்த்-சுசுகியை வெளியிட்டது. சென்னைக்கு வடக்கே, உலகப்போர்க் கால விமானத் தளமான சோழவரத்தில் அந்நாளில் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டது.

அந்நாளில் இங்குப் பந்தயத்துக்கு வந்தவை பெரும்பாலும் சாலை வண்டிகளே. சிலிண்டர் துளைகளை அரத்தால் அகட்டி, புகைக்குழாயை மாற்றி ஓட்டுவார்கள். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்த ராஜ்தூத் 350 இவற்றுள் தலையாயது. யமஹா ஆர்.டி. 350இன் இந்திய வடிவம் அது. இரட்டைச் சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர், 30.5 குதிரைத்திறன். பெட்ரோலை மிகுதியாகக் குடித்ததால் நடுத்தரக் குடும்பங்கள் அதை நாடவில்லை. மைசூரில் உருவான எஸ்டி, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 1996இல் நின்றது.

இவற்றை எங்கே தேடுவது? மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கம் மாட்டுக்கொட்டகைகளிலும் காயலான் கடைகளிலும் தேடுகிறேன். வாங்குமுன் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுரண்டி மறுபடி அடித்த வண்டி என்றால் தொடவே கூடாது. கிக்கரைக் கையால் அழுத்தி எஞ்சின் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். துளைகள் அகட்டப்பட்டிருந்தால் அது பழுதன்று. அவ்வண்டி பந்தயம் கண்டதற்கான தடயமாக இருக்கலாம். அதைப் 'புதுப்பித்து' அழித்துவிடலாகாது.

2021இல் நடுவண் அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு நிறைந்து மூல வடிவம் மாறாத வண்டிகளே பழம்பெருமை வாகனமாகப் பதிவு பெறும். 1983இல் பதிவான ராஜ்தூத் அத்தகுதியை அடைய 2033 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவற்றைக் காப்பது யார்? கிலோ விலைக்கு உடைபட்டுப் போவன எத்தனை!

வண்டியைவிட விரைவாக மறைவது கைத்திறன். தெற்குவாசல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவர், "தம்பி, சத்தத்தைக் கேட்டாலே போதும்; பிஸ்டன் அடிக்கிறதா, கிராங்க் அடிக்கிறதா என்று தெரிந்துவிடும்" என்பார். அவர் சொல்வதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் இருவீச்சு எஞ்சினைத் தொட ஆளில்லை.

புகையைப் போற்றுகிறேன் என எண்ண வேண்டா. நகரக் காற்றைக் காக்க இவ்வண்டிகள் ஓய்வு பெற்றது முறையே. ஆனால் ஓய்வு வேறு, அழிவு வேறு. உங்கள் ஊரில், உறவினர் வீட்டில் இத்தகைய வண்டி கிடந்தால் இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை விசாரியுங்கள். அதை ஓட்டியவர் இருந்தால் அவர் கதையையும் எழுதி வையுங்கள். இரும்பைப் பின்னர் தேடிப் பிடிக்கலாம். நினைவை அவ்வாறு பிடிக்க இயலாது.