ஹோண்டாவின் சிறு யந்திரமும் பாலாற்றுத் தோல் தொழிலும்

ஒரு தொழிலை நெறிப்படுத்தச் சட்டம் வரும்போதெல்லாம், ‘இது நடவாத காரியம், வற்புறுத்தினால் தொழிலே அழிந்துபோம்’ என்ற கூக்குரல் எழுவது எல்லாத் தேசங்களிலும் வழக்கமாயிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரைப் பற்றிப் பேச்சு வரும்போதும் இதே கூக்குரல் கேட்கிறது. இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று அறிய விரும்புவோர், ஜப்பானிய மோட்டார்க் கம்பெனி ஒன்றின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வது நலம்.

ஸோயிசிரோ ஹோண்டா 1906-ம் வருஷம் ஒரு கொல்லருடைய மகனாகப் பிறந்தவர். யுத்தத்தில் தோற்று ஜப்பான் நிலைகுலைந்து கிடந்த 1946-ல், ராணுவத்தார் கழித்துவிட்ட சிறு யந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். 1948-ல் ஹமமட்ஸு நகரில் அவரது கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் பேர் பெற்ற அக்கம்பெனி நான்கு சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது 1963-ல்தான். 1967-ல் வெளிவந்த ‘என் 360’ என்னும் சிறு காரின் யந்திரத்துக்கு இரண்டே ஸிலிண்டர்கள். கொள்ளளவு 354 கன ஸென்டிமீட்டர். அமெரிக்கப் பெருங்கம்பெனிகளின் யந்திரங்களுக்குப் பக்கத்தில் அது விளையாட்டுச் சாமான் போலவே இருந்திருக்கும்.

1970-ம் வருஷக் கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கிற்று. ஸெனட்டர் மஸ்கி முன்னின்று நிறைவேற்றியதால், ‘மஸ்கி சட்டம்’ என்றே அது ஜப்பானில் வழங்கிற்று. கார்கள் கக்கும் கார்பன் மானாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் என்னும் தீய வாயுக்களை 1975-ம் வருஷ மாடல்களில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட வேண்டுமென்பது அதன் முக்கிய விதி. கெடுவுக்குள் இது இயலாதென்று அமெரிக்கப் பெருங்கம்பெனிகள் வாதாடின. ஹோண்டா கம்பெனியார் வாதாடவில்லை, ஆராய்ச்சியில் இறங்கினர்.

பெட்ரோல் ஆவி குறைந்தும் காற்று மிகுந்தும் உள்ள கலவை சுத்தமாக எரியும். ஆனால் அது எளிதில் பற்றிக்கொள்வதில்லை. ஆகவே பிரதான அறையை ஒட்டி மற்றொரு சிற்றறையை அமைத்து, அதற்கென ஒரு சிறு வால்வையும் வைத்தார்கள். பெட்ரோல் மிகுந்த கலவை சிற்றறையில் முதலில் பற்றுகிறது. அந்த ஜ்வாலை பிரதான அறைக்குள் பாய்ந்து, அங்குள்ள மெல்லிய கலவையை நிதானமாக எரிக்கிறது. ஈர விறகு நிறைந்த அடுப்பில் காய்ந்த சுள்ளியைக் கொளுத்திச் செருகும் நமது வீட்டு உபாயத்தைப் போன்றதே இது.

1972 அக்டோபரில் இந்த யந்திரம் பகிரங்கப்படுத்தப்பட்டது. அவ்வருஷம் டிஸம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா அதைச் சோதித்து, 1975-ம் வருஷ விதிகளுக்கு அது உட்பட்டிருப்பதைக் கண்டது. புகைபோக்கியில் வேறு சுத்திகரிப்புச் சாதனம் எதுவும் தேவைப்படவில்லை. டொயோட்டாவும் போர்டும் இவ்விரகசியத்தை ஹோண்டாவிடமிருந்தே லைஸென்ஸாகப் பெற்றன. இயலாதென்று மன்றாடிய பெருங்கம்பெனிகளோ 1973 ஏப்ரலில் ஓராண்டு தவணை வாங்கிக்கொண்டன!

பெருங்கம்பெனிகளோடு சமமாகப் போட்டியிட இதுவே சமயமென்று ஹோண்டா தம் எஞ்சினீயர்களிடம் சொன்னாராம். ‘நாங்கள் கம்பெனியின் போட்டிக்காக இதைச் செய்யவில்லை, சமூகத்துக்குச் செய்யவேண்டிய கடமையென்றே செய்கிறோம்’ என்ற கருத்தில் இளைஞர்கள் மறுத்தனராம். இதை அக்கம்பெனியின் வரலாறே கூறுகிறது. 1973-ல் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

இனி நம் பாலாற்றுக்கு வருவோம். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டார் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தனர். தோல் சாலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போனதாக ஒரு விசாரணையில் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. அசுத்தப்படுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்ற தர்மத்தையும் நாட்டின் சட்டமாக நிலைநாட்டிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டது உண்மையே. ஆனால் 2025 ஜனவரி 30-ந் தேதியன்று அதே கோர்ட்டு, அதே பாலாற்று மாசுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு வழங்குமாறு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை ஏறக்குறைய இருபத்தெட்டரை வருஷங்கள். ஹோண்டாவுக்குத் தேவைப்பட்டவை இரண்டே வருஷங்கள்!

‘ஹோண்டா ஒரு கம்பெனி, நாங்களோ பல சிறு முதலாளிகள்’ என்று நமது தோல் வியாபாரிகள் சொல்லக்கூடும். அதில் நியாயமில்லாமல் இல்லை. பச்சைத் தோலைக் காக்க இடும் உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் கரைகிறது. நீரை வற்றவைத்தாலும் மிஞ்சும் உப்பை எங்கே வைப்பதென்பது பெருஞ்சங்கடம். ஒரு தனி முதலாளி இதைத் தீர்க்க முடியாது. ஆனால் தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-ல் சென்னையில் மத்திய சர்க்கார் ஒரு நிலையத்தை ஸ்தாபித்திருக்கிறதே! முதலாளிகள் ஒன்றுகூடி, பணம் திரட்டி, இந்த உப்புக்கு ஒரு வழி கண்டே தீர்வதென்று விஞ்ஞானிகளோடு உட்காரலாகாதா? தோலை வாங்கும் அயல்நாட்டுக் கம்பெனிகளும் சுத்தமாகப் பதனிட்டதற்குரிய விலையைத் தரட்டும். விதியை மீறுவோனுக்குச் சலுகையும், விதிப்படி நடப்போனுக்கு நஷ்டமும் நேராதபடி சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும்.

தோல் தொழில் அழியவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. ஆம்பூரின் ஜோடுத் தொழிற்சாலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் சாலையில் கூலி வாங்கும் தொழிலாளி வீடு திரும்பிக் குடிப்பதும் அந்நிலத்தடி நீரையே. கூலியா, குடிநீரா என்று அவனைக் கேட்பது அநீதி. இரண்டும் அவனுக்கு உரியவை.

தேச சேவையில் ஈடுபட்டோர் இவ்விஷயத்தில் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. ‘இயலாது’ என்று சொல்வோரைப் பார்த்து, ‘என்ன முயன்று பார்த்தீர்கள்?’ என்று ஊர்தோறும் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.