பழைய பெட்டியும் பழகிய கைகளும்



ஒரு பொருளின் ஆயுள் எப்பொழுது முடிகிறது? அது ஓடாமல் நின்றுபோன அன்றா? அல்லது அதைச் செய்து விற்ற நிறுவனமே இனிப் பழுதுபார்க்க இயலாது என்று கைவிட்ட அன்றா? இந்தக் கேள்விக்கு நல்லதொரு விடையை வீடியோ விளையாட்டுப் பெட்டிகளிடமிருந்து பெறலாம். ஆகவே, இன்றைய பேச்சில் அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். விளையாடும் முறையைப் பற்றியல்ல. பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பவர்களைப் பற்றி.

ஜப்பான் நாட்டின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் 'ஃபேமிகாம்' என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மசாயுகி உவேமுரா என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அதன் விலை அன்று 14,800 யென். 1985-இல் அதே பெட்டி உருவம் மாறி, 'என்.இ.எஸ்.' என்ற பெயரோடு அமெரிக்காவுக்குச் சென்றது. இரண்டும் சேர்ந்து உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் விற்பனையாயின. தென்கிழக்காசியாவில் பலர் அறிந்திருக்கக்கூடிய 'மைக்ரோ ஜீனியஸ்' என்பது இந்த ஃபேமிகாமைப் பின்பற்றித் தைவானில் செய்யப்பட்ட நகலேயாகும்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 2003-ஆம் ஆண்டில் ஃபேமிகாம் உற்பத்தி நின்றது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாளோடு, ஜப்பானில் அந்நிறுவனம் செய்துவந்த பழுதுபார்க்கும் சேவையும் முடிவுக்கு வந்தது. உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதே காரணம். அப்படியானால் அந்தப் பெட்டிகளெல்லாம் குப்பைக்குப் போக வேண்டியவைதாமா? இல்லை. அன்றும் இன்றும் அவற்றை ஓடச் செய்துகொண்டிருப்பவர்கள் சாதாரணப் பொழுதுபோக்கு ஆர்வலர்கள். மாலையில் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அமர்பவர்கள். அவர்கள் கையாளும் முறை என்ன என்பதைப் பார்ப்போம்.

முதற்படி மின்சாரம். மருத்துவர் முதலில் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பழுதுபார்ப்பவர் முதலில் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிறார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த அடாப்டரை அப்படியே நம் வீட்டுச் சுவரில் செருகினால் அது கருகிப்போகும். வேறு அடாப்டர் வாங்கலாமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்திசை மின்னோட்டம்; செருகியின் நடுமுனை எதிர்மின் முனையாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் என்.இ.எஸ். பெட்டியோடு வந்த அடாப்டரோ 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் தருவது. அதை நேர்திசையாக்கும் பாகம் என்.இ.எஸ். பெட்டிக்குள் உண்டு, ஃபேமிகாமுக்குள் இல்லை. 'செருகி பொருந்துகிறது' என்று என்.இ.எஸ். அடாப்டரை ஃபேமிகாமுக்குப் போடுபவர், நல்ல நிலையில் உள்ள பெட்டியையும் கெடுத்துவிடுவார்.

உள்ளே நுழையும் மின்சாரத்தை, 7805 என்னும் மூன்று கால் பாகம் 5 வோல்ட்டாகக் குறைத்துச் சில்லுகளுக்கு அனுப்புகிறது. மல்டிமீட்டர் கொண்டு அந்த 5 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இருந்தால் கோளாறு அதற்கு அப்பால். இல்லையென்றால் அதற்கு இப்பால். பழுதுபார்த்தல் என்பது மந்திரமன்று. இவ்வாறு இடத்தைச் சுருக்கிச் சுருக்கிக் காரணத்தைக் கண்டுபிடிப்பதேயாகும்.

அடுத்தது தொடர்புமுனைகள். விளையாட்டு அடங்கிய பேழையை நாம் பேச்சுவழக்கில் கேசட் என்கிறோம். என்.இ.எஸ். பெட்டியில், வீடியோ நாடாக் கருவியில் போடுவதுபோல அதை முன்புறமாக உள்ளே தள்ளிக் கீழே அழுத்த வேண்டும். உள்ளே 72 மெல்லிய உலோக முனைகள் அதைத் தொடுகின்றன. நாளடைவில் அம்முனைகள் தளர்கின்றன, அழுக்கும் படிகிறது. தொடர்பு சரியில்லையென்றால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், விளையாட்டுத் தொடங்காது. அப்பொழுது பிள்ளைகள் கேசட்டை வெளியே எடுத்து, வாயால் ஊதி, மறுபடியும் போடுவார்கள். பல வேளைகளில் விளையாட்டும் ஓடும். ஊதியதால்தான் ஓடிற்று என்று உலகமே நம்பியது!

உண்மை வேறு. எடுத்துப் போட்டபொழுது முனைகள் சற்றே இடம் மாறிப் புதிய தொடர்பு ஏற்பட்டது, அவ்வளவுதான். ஊதிய காற்றிலிருந்த ஈரமோ, உலோகத்தில் களிம்பு ஏறத் துணை செய்தது. ஆர்வலர்கள் செய்வது எளிய காரியம்: ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து முனைகளைத் துடைத்து, நன்றாக உலர விடுகிறார்கள். செத்துவிட்டதாகக் கருதப்பட்ட கேசட்டுகள் பல இந்த ஒரு செயலாலேயே உயிர்பெறுகின்றன.

அந்த விளக்கு ஏன் மினுக்குகிறது? இங்கேதான் பழுதுபார்த்தலுக்கும் மாற்றியமைத்தலுக்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. நிறுவனத்தின் இசைவின்றிச் செய்த கேசட்டுகள் ஓடக்கூடாது என்பதற்காக, என்.இ.எஸ். பெட்டியில் ஒரு காவற்சில்லு வைக்கப்பட்டது. கேசட்டிலும் அதற்கு இணையான ஒரு சில்லு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசி ஒத்துப்போகவில்லையென்றால், காவற்சில்லு பெட்டியை ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒருமுறை மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும். அந்தச் சில்லின் நான்காவது காலைப் பலகையிலிருந்து பிரித்துத் தரை இணைப்போடு சேர்த்துவிட்டால், அது காவல் காப்பதை நிறுத்திவிடும், மினுக்கலும் நின்றுவிடும். ஆனால், அழுக்கு அழுக்காகவே இருக்கும். மினுக்கலுக்குப் பதிலாகக் குழம்பிய படம் தெரியும். முனைகளைத் துடைக்காமல் சில்லின் காலை மட்டும் வெட்டுபவர், காய்ச்சலுக்குக் காரணம் காணாமல் வெப்பமானியை உடைத்தவரைப் போன்றவர்.

நேயர்களே, மனிதர் தொடாமலே கெடும் பாகங்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது மின்னாற்பகு மின்தேக்கி. சிறிய உருளை வடிவினதான இதனுள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்கிறது, அல்லது கசிகிறது. செகா நிறுவனம் 1990-இல் வெளியிட்ட 'கேம் கியர்' என்னும் கையடக்கப் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மின்தேக்கிகள் கசிவதால் ஒலி மெலிந்துபோகும், திரை மங்கும், கசிந்த திரவம் பலகையின் செம்புக் கோடுகளையும் அரித்துவிடும். அலமாரியில் பூட்டிப் பத்திரமாக வைத்திருந்தாலும் இது நேரும். இவ்வகைப் பெட்டிகளைக் காப்பதற்கு வழி, காலத்தோடு திறந்து மின்தேக்கிகளை மாற்றுவதேயாகும்.

இரப்பரும் அப்படித்தான். 1986-இல் ஃபேமிகாமோடு இணைக்கும் வட்டு இயக்கி ஒன்று வந்தது. அதன் சுழலியை இயக்கும் இரப்பர் வார், ஆண்டுகள் சென்றதும் அறுந்துவிடுகிறது. அல்லது தார்போல இளகி ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டித் துடைத்துப் புது வார் மாட்டி, இயக்கியை மறுபடியும் அளவுபார்த்துச் சீரமைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

இனி மின்கலத்துக்கு வருவோம். 1988-இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 3' போன்ற நீண்ட விளையாட்டுகளில், ஆடியவரின் பெயரும் அவர் எட்டிய நிலையும் கேசட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். அந்த நினைவைக் காப்பது காசு வடிவிலான ஒரு 3 வோல்ட் மின்கலம். அது தீர்ந்தால், அல்லது அதைக் கழற்றினால், பதிவு முழுவதும் அழிந்துபோகும். பிள்ளைப் பருவத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பெயரிட்டு ஆடிய ஆட்டம் அதில் இருக்கலாம். கேசட்டுக்கு வேறு கேசட் கிடைக்கும். அந்தப் பதிவுக்கு வேறு பதிவு கிடைக்காது. ஆகவே, அறிந்தவர்கள் முதலில் படிக்கும் கருவி ஒன்றின் துணையோடு பதிவைக் கணினியில் நகலெடுத்துக்கொள்கிறார்கள். பிறகுதான் மின்கலத்தை மாற்றுகிறார்கள். மின்கலத்தின்மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைப்பது ஆபத்து; சூட்டில் அது வெடிக்கவும் கூடும். இணைப்புத் தகடு பொருத்திய மின்கலமே ஏற்றது.

மாற்றியமைத்தல் தேவையே இல்லையா என்று கேட்கலாம். தேவைப்படும் இடமும் உண்டு. ஃபேமிகாம் தன் படத்தை ஜப்பானியத் தொலைக்காட்சியின் 1 அல்லது 2-ஆம் அலைவரிசையாக அனுப்புகிறது. அது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம். நம் நாடுகளில் அந்த இடத்தில் இருப்பவை பண்பலை வானொலி நிலையங்கள்! ஆகையால் நம் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் அந்தப் படத்தைப் பிடிக்க வழியில்லை. ஆர்வலர்கள், அலையாக மாறுவதற்கு முன்பே படச்சில்லிலிருந்து சமிக்ஞையை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர், சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி ஆகியவற்றைக் கொண்டு வலுப்படுத்தி, கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறார்கள். படம் முன்னைவிடத் தெளிவாகவும் இருக்கும். 1993-இல் நிறுவனமே இத்தகைய வசதியோடு புதிய ஃபேமிகாமை வெளியிட்டது.

இன்றைய தொலைக்காட்சிகளுக்கென இலக்கமுறைப் படம் தரும் பலகைகளும் உண்டு. ஆனால், அத்தகைய பலகையைப் பொருத்த, 40 கால்கள் கொண்ட சில்லுகள் இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். கை பழகாதவர் செய்தால் செம்புக் கோடுகள் பெயர்ந்து, பெட்டியே பாழாகலாம்.

எனவே, அனுபவமுள்ளோர் பின்பற்றும் ஒழுங்கு இது: காரணம் தெரியாமல் எதையும் மாற்றாதே. மாற்றுவதானால் சிறிதாக மாற்று. பிற்காலத்தில் ஒருவர் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வகையில் மாற்று. கழற்றிய பாகத்தைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்து. கண்டறிந்ததை எழுதி மற்றவருக்கும் சொல். 2007-க்குப் பிறகு இப்பெட்டிகள் பிழைத்திருப்பது, இப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான்.

தொடங்க விரும்புவோருக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நல்ல திருப்புளி, மல்டிமீட்டர், சோல்டரிங் அயன், ஈயம் உறிஞ்சும் பம்ப் ஆகியவை போதும். கோலாலம்பூரின் ஜாலான் பாசாரும், சிங்கப்பூரின் சிம் லிம் டவரும் மின்னியல் பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். முதலில் பயனற்ற பழைய பலகை ஒன்றில் பற்றவைத்துப் பழகுங்கள். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறங்கள். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, முடிந்ததும் கை கழுவுங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சியை மட்டும் திறக்க வேண்டா. அணைத்த பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். ஒரு பொருள் கெட்ட அன்று அதன் ஆயுள் முடிவதில்லை. செய்தவர் கைவிட்ட அன்றும் முடிவதில்லை. அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர் ஒருவரும் இல்லாமற்போகும் அன்றுதான் முடிகிறது. வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியை எறிவதற்குமுன், அதன் தொடர்புமுனைகளை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். விளையாடி மகிழ்ந்ததைவிட, அது எப்படி விளையாடுகிறது என்று கண்டறியும் மகிழ்ச்சி அவர்களோடு நெடுநாள் நிற்கும்.