உங்களுக்குத் தெரியுமா? தார்ச் சாலையில் ஒலிம்பிக் பயிற்சி!

1998 முதல் 2018 வரை 6 குளிர்கால ஒலிம்பிக்குகளில் 'லூஜ்' என்னும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் பாய்ந்தவர் மணாலியின் சிவ கேசவன். அவர் பழகியதோ, வண்டியில் சக்கரம் பொருத்தி, இமயமலைத் தார்ச் சாலையில்! இந்தியாவில் ஒலிம்பிக் தரத்துப் பனித்தடம் இல்லை. லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவேதான் பாய்ச்சல். முதல் ஒலிம்பிக்கில் வயது 16.

• அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், நூலகத்தை ஒட்டிய பனிச் சரிவில் மாணவர்கள் சறுக்கியது கேன்டீன் டிரேயில்.

• பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். நாள் 1884 ஜனவரி 13. பனி விழ அந்தக் குளிர் போதாது.

அதனால் என்ன? கர்நாடகத் தோப்புகளில் பாக்கு மட்டை இருக்கிறதே! அகன்ற அடிப்பகுதியில் ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை ஓலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். செலவில்லாத அருமையான சறுக்கு வண்டி இதுதான்.