பச்சிளங் குழந்தைக்கும் பி.சி.ஆர். டெஸ்ட்டா?



தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எந்த ஊர்க்காரர் தெரியுமா? நம்ம காஞ்சிபுரத்துக்காரர்தான். 2020 மார்ச் 7-ஆம் தேதி தொற்று உறுதியாகி, பிறகு குணமாகி வீட்டுக்கும் வந்துவிட்டார். 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது. ஆனால் வைரஸ் ஒன்றும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. அந்த நாட்களில் கிளம்பிய ஒரு பேச்சும் அப்படித்தான்: "பெத்தவளுக்கே கொரோனா, குழந்தையைக் கிட்டே விடாதே, பவுடர் பாலைக் கரைச்சு ஊத்து!" இது சரியா என்று பார்ப்போமா?

குழந்தைக்குத் தொற்று வருவது பெரும்பாலும் பிறந்த பிறகுதான். பக்கத்தில் இருமுவது, தும்முவது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவது... இதெல்லாம் அம்மா மட்டுமா செய்கிறாள்? தொட்டிலைச் சுற்றி நிற்கிற சொந்தபந்தம் அத்தனையும்தான் செய்கிறது. பழி மட்டும் அவள் தலையில்!

கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகத் தொற்றுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2020-ல் புனே சசூன் அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தையின் மூக்கு, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி மூன்றிலும் வைரஸ் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், தாயின் மூக்கு மாதிரியில் நெகட்டிவ்! குழந்தை ரொம்பச் சிரமப்பட்டு, சுமார் 3 வாரத்தில் நலமாகி வீடு திரும்பியது.

அம்மாவுக்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ். அதெப்படி? டெஸ்ட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது புரியும்.

வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஒரு நொதி முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அப்புறம் தெர்மல் சைக்ளர் என்கிற மெஷின். சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 60 டிகிரி வாக்கில் இறக்கினால் ஒவ்வொரு இழையும் புதுத் துணையைக் கட்டிக்கொள்ளும். ஒரு சைக்கிளுக்கு ஒன்று இரண்டாகும். 30 சைக்கிளில்? கால்குலேட்டரை எடுங்கள். 107 கோடியைத் தாண்டும்! கூடவே ஒளிரும் சாயத்தின் வெளிச்சத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் வரம்பைத் தாண்டுகிற சைக்கிள் எண்தான் ரிப்போர்ட்டில் 'சி.டி.' என்று வருவது. எண் குறைந்தால் வைரஸ் அதிகம்; 10 சைக்கிள் வித்தியாசம் என்றால் சுமார் 1000 மடங்கு. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், இது டியூன் செய்த ஆம்பிளிஃபயர்.

ஆம்பிளிஃபயர் எவ்வளவு உசத்தியானாலும் இன்புட் இல்லாமல் அவுட்புட் ஏது? சோழர் காலத்திலேயே குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் நம்ம உத்திரமேரூர். குடத்தில் இல்லாத ஓலை கையில் வராது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொற்று வந்த உடனே எடுத்தாலும், ரொம்ப லேட்டாக எடுத்தாலும், குழந்தை திமிறி அழுது பஞ்சுக்குச்சி சரியாகப் படாவிட்டாலும் நெகட்டிவ் வரலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரசவமான கையோடு மாதிரி எடுத்தால், தாயின் உடலிலிருந்து மூக்கில் ஒட்டிய வைரஸே பாசிட்டிவ் காட்டிவிடலாம். அதனால்தான் 2020-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சுமார் 24 மணி நேரம் கழித்து ஒரு தடவை, 48 மணி நேரத்தில் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னது.

"ஏன்பா, ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?" என்று கேட்கலாம். ரத்தத்தில் பார்ப்பது வைரஸை அல்ல, எதிர்ப்புப் பொருளை. அதில் ஐ.ஜி.ஜி. என்கிற வகை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேரும். அம்மாவுக்கு முன்பு வந்த தொற்றும், அவள் போட்டுக்கொண்ட தடுப்பூசியும் குழந்தையின் ரத்தத்தில் தெரியும். அது அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. குழந்தை தானே சமைத்ததில்லை! சில மாதங்களில் தீர்ந்தும் போகும். அதை வைத்து 'குழந்தைக்குத் தொற்று வந்திருக்கிறது' என்று முடிவு கட்ட முடியாது.

இனி அந்தப் பவுடர் பால். தாய்ப்பாலில் வைரஸின் மரபுத் துணுக்கு சில சமயம் அகப்பட்டிருக்கிறது. ஆனால் பால் வழியாகத் தொற்று பரவியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எதிர்ப்புப் பொருளோ தாராளமாக இருக்கிறது. தொற்று உள்ள தாயும் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. கழுவாத பாட்டிலில், கொதிக்காத தண்ணீரில் கரைத்த பவுடர் பால் பேதியைக் கொண்டுவரும். என்னைக் கேட்டால், நம்ம கிராமத்துக் குழந்தைக்கு அந்தப் பேதிதான் பெரிய எதிரி.

ரிப்போர்ட் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைச் செல்போன் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் விட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணும்போது அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற லேப் வேலையெல்லாம் வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சு சீராக வராது, முழு நிமிடம் எண்ணணும்.