லினக்ஸில் ஜாவா செயல்முறையை அடையாளம் காணல்

லினக்ஸில் ஜாவா செயல்முறையை அடையாளம் காணல் என்பது, ஒரு கணினியில் 'ஜாவா' என்ற ஒரே பெயரில் இயங்கும் பல செயல்முறைகளுள் எது எந்தப் பயன்பாட்டு மென்பொருளை இயக்குகின்றது என அறிவதைக் குறிக்கும். சி மொழியில் எழுதப்பட்ட நிரல் பெரும்பாலும் தன் சொந்தப் பெயரிலேயே இயங்கும். ஜாவா நிரலோ ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே இயங்குகின்றது. இயங்குதளத்தின் கருனிக்குத் தெரிவது அவ்வியந்திரம் மட்டுமே. ஆகவே ஐந்து பயன்பாடுகள் இயங்கினாலும் 'டாப்' கட்டளை ஐந்து வரிகளிலும் 'ஜாவா' என்றே காட்டும்.

இவற்றைப் பிரித்தறியாமல் 'கில்லால் ஜாவா' எனக் கட்டளையிட்டால், முடங்கிப்போன ஒன்றுடன் நன்றாக இயங்கும் மற்றவையும் நின்றுவிடும். 9 ஆம் எண் சைகையை அனுப்பினால், தரவை எழுதி முடிப்பதற்கும் அவற்றுக்கு வாய்ப்பு இராது.

கட்டளை வரி

ஒவ்வொரு செயல்முறைக்கும் கருனி ஓர் எண்ணை வழங்குகின்றது. அவ்வெண்ணின் பெயரில் '/புராக்' அடைவினுள் ஓர் உள்ளடைவு தோன்றும். இதிலுள்ளவை வட்டில் சேமிக்கப்பட்ட கோப்புகள் அல்ல. படிக்கப்படும்போது கருனி ஆக்கித் தருபவை. இவற்றுள் 'சிஎம்டிலைன்' என்பது செயல்முறை தொடங்கப்பட்ட முழுக் கட்டளை வரியைத் தரும். சொற்களுக்கு இடையே இடைவெளிக்குப் பதிலாகச் சுழியப் பைட்டு இருப்பதால், 'கேட்' கட்டளையில் அவை ஒட்டிக்கொண்டு தெரியும். 'பிஎஸ்' கட்டளை இதையே படித்து, இடைவெளியிட்டுக் காட்டுகின்றது.

'ஜார்' விருப்பத்தை அடுத்து வரும் கோப்புப் பெயரோ முதன்மை வகுப்பின் பெயரோ பயன்பாட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் முதன்மை வகுப்புக்கு முன்னால் வரும் வகுப்புப் பாதை மிக நீண்டதாக இருக்கக்கூடும். 2015 இல் வெளிவந்த லினக்ஸ் 4.2 க்கு முந்தைய கருனிகள், பரவலான கணினிகளில், முதல் 4096 பைட்டுகளை மட்டுமே தந்தன. தேடும் பெயர் அதற்கு அப்பால் இருந்தால் 'பிஎஸ்' கட்டளையால் பயனில்லை. அத்தகைய பழைய வழங்கிகளில், பணி அடைவைச் சுட்டும் 'சிடபிள்யூடி' இணைப்பு பல வேளைகளில் நல்ல தடயமாகும். 'எக்சி' இணைப்பு ஜாவா நிறுவப்பட்ட இடத்தையே காட்டும்.

ஜேபிஎஸ்

ஜாவா உருவாக்கக் கருவித்தொகுதியில் உள்ள 'ஜேபிஎஸ்', ஜாவா செயல்முறைகளை மட்டும் பட்டியலிடும். 'எல்' விருப்பம் முதன்மை வகுப்பின் முழுப் பெயரையோ ஜார் கோப்பின் முழுப் பாதையையோ தரும். மெய்நிகர் இயந்திரங்கள் தற்காலிக அடைவில் எழுதிவைக்கும் சிறு கோப்புகளே இதற்கு ஆதாரம். அவ்வடைவு துப்புரவு செய்யப்பட்டிருந்தாலோ செயல்முறை வேறு பயனருக்கு உரியதாயின், போதிய உரிமை இல்லாவிட்டாலோ பட்டியலில் அது இடம்பெறாது. எனவே வெற்றுப் பட்டியலைக் கண்டு ஜாவா ஏதும் இயங்கவில்லை என முடிவுசெய்தல் தவறு.

ஒரே வகுப்பு, பல பயன்பாடுகள்

டாம்கேட் வழங்கி எத்தனை முறை தொடங்கப்பட்டாலும் முதன்மை வகுப்பு 'பூட்ஸ்ட்ராப்' என்பதே. அவற்றைக் கட்டளை வரியிலுள்ள 'கேட்டலினா.பேஸ்' பண்பின் மதிப்பைக் கொண்டு வேறுபடுத்தலாம். மேலும், ஒரே டாம்கேட் செயல்முறைக்குள் பல வலைப் பயன்பாடுகள் இயங்கலாம்; அப்போது ஒன்றை மட்டும் நிறுத்த, செயல்முறை எண் உதவாது, டாம்கேட்டின் மேலாளர் பக்கத்தையே நாட வேண்டும். தாமே தொடங்கும் நிரல்களுக்கு, 'டி' விருப்பத்தின் வழியாக ஒரு பெயரைப் பண்பாக இணைப்பது எளிய வழி. நிரல் அதைப் பயன்படுத்தாவிடினும் கட்டளை வரியில் அப்பெயர் தெரியும்.